சத்தம் எங்கே போனது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

வீடியோவை எம்பி4 ஆக மாற்றியபின் படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை என்று கேட்ட வாசகருக்கு உங்கள் தொழில்நுட்பப் பக்கம் தந்த பதில் இரண்டே வரி: கோடெக் பேக் நிறுவுங்கள், சரிவராவிட்டால் வேறு கன்வெர்ட்டரை முயலுங்கள். எங்கு கேட்டாலும் இதே பதில்தான் கிடைக்கிறது. முதல் வரி பெரும்பாலும் பயனற்றது. இரண்டாவது வரி குருட்டாம்போக்கில் பலிக்கலாம்.

கோடெக் என்பது படத்தையும் ஒலியையும் சுருக்கி, மறுபடி விரிக்கும் முறை. கோடெக் பேக் என்பது அவற்றின் தொகுப்பு; விண்டோஸில் உள்ள சில பிளேயர்கள் கோப்பை வாசிக்க உதவுவது. மாற்றும் வேலையைச் செய்கிற ஹேண்ட்பிரேக், விஎல்சி, எஃப்எஃப்எம்பெக் ஆகியவை தங்களுக்கு வேண்டிய கோடெக்குகளைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. நாம் வெளியிலிருந்து நிறுவியதை அவை திரும்பியும் பார்ப்பதில்லை. மாற்றிய கோப்பில் ஒலியே எழுதப்படவில்லை என்றால் எத்தனை பேக் போட்டாலும் அது பேசப்போவதில்லை. போதாக்குறைக்கு, அந்தப் பெயரில் உலவும் இலவச நிறுவிகள் சிலவற்றோடு வேண்டாத விளம்பர மென்பொருள்களும் ஒட்டிக்கொண்டு வருகின்றன.

எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்ஓவி, வெப்எம் என்பவையெல்லாம் கொள்கலன்களின் பெயர்கள். உள்ளே படம் ஒரு டிராக், ஒலி தனி டிராக். ஒலிக்கே இரண்டு மூன்று டிராக்குகளும் இருக்கலாம். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கோடெக்கில் சுருக்கப்பட்டிருக்கும். ஆகவே ஒரு வீடியோவை மாற்றும்போது படத்துக்கு ஒரு முடிவும் ஒலிக்கு ஒரு முடிவும் தனித்தனியாக எடுக்கப்படுகின்றன. படத்தின் அளவு, தரம் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வைக்கிறவர்கள்கூட ஒலியை மென்பொருளின் போக்கில் விட்டுவிடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

சத்தம் இல்லாத கோப்பு கைக்கு வந்தால் மீண்டும் கன்வெர்ட் செய்வதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். மூலக் கோப்பில் ஒலி இருந்ததா? மாற்றிய கோப்பில் அது எழுதப்பட்டிருக்கிறதா? எழுதப்பட்டிருந்தும் பிளேயருக்கோ டிவிக்கோ அது புரியவில்லையா? மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் இரண்டு கோப்புகளையும் திறந்தால் ஐந்து நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். 'ஆடியோ' என்ற தலைப்பே அறிக்கையில் இல்லை என்றால் டிராக்கே இல்லை. தலைப்பு இருந்தால் அதன் கீழே ஃபார்மட், சேனல் எண்ணிக்கை, சாம்ப்ளிங் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்பட்டது), பிட் ரேட் (நொடிக்கு எவ்வளவு தரவு) ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த நான்கு வரியும் தெரியாமல் யார் சொல்லும் தீர்வும் ஊகம்தான்.

முதல் கேள்வியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பறக்கும் டிரோன் கேமராக்களில் பெரும்பாலானவை ஒலியைப் பதிவதே இல்லை. டைம்லாப்ஸ் முறையிலும், சில கேமராக்களின் ஸ்லோமோஷன் முறையிலும் ஒலி இருக்காது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் முன் ஸ்பீக்கர் சின்னத்தைத் தொட்டுவிட்டாலோ, சின்ன வீடியோவை ஜிஃப் ஆக அனுப்பிவிட்டாலோ ஒலி அங்கேயே நீக்கப்பட்டுவிடும். இணைய வீடியோ தளங்கள் பலவும் உயர் தரப் படத்தையும் ஒலியையும் தனித்தனி ஓடைகளாக வைத்திருக்கின்றன. பதிவிறக்கும் மென்பொருள் இரண்டையும் சேர்க்காமல் விட்டால் கையில் கிடைப்பது படம் மட்டுமே. பக்கத்திலேயே எம்4ஏ அல்லது வெப்எம் என்று முடியும் இன்னொரு சிறிய கோப்பு கிடக்கிறதா என்று பாருங்கள். ஒலி அதில் இருக்கும்.

மூலத்தில் ஒலி இருந்து, மாற்றிய கோப்பில் டிராக்கே இல்லை என்றால் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கில் 'ஆடியோ' தாவலைத் திறந்தால் டிராக் பட்டியல் தெரியும். அது காலியாக இருந்தால் வெளிவருவது ஊமைப்படம். பழைய பிரீசெட் (அமைப்புகளின் தொகுப்பு) ஒன்றைச் சேமித்து வைத்து அதையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. ஒரு டிராக்கைச் சேர்த்து, கோடெக் ஏஏசி, மிக்ஸ்டவுன் (சேனல்களைக் கலந்து குறைக்கும் முறை) ஸ்டீரியோ, பிட் ரேட் 160 என்று வைத்து, பிரீசெட்டை மறுபடி சேமித்தால் போதும். விஎல்சியில் 'கன்வெர்ட்/சேவ்' பெட்டியில் புரொஃபைல் பெயருக்குப் பக்கத்தில் உள்ள ஸ்பேனர் சின்னத்தை அழுத்தி, 'ஆடியோ கோடெக்' தாவலுக்குப் போக வேண்டும். 'ஆடியோ' கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். அதன் பக்கத்தில் உள்ள 'மூல ஆடியோ டிராக்கை அப்படியே வை' என்ற கட்டத்தில் டிக் இருக்கக் கூடாது. இருந்தால், மூல ஒலி புதிய கொள்கலனுக்கு ஒவ்வாத வகையாக இருக்கும்போது டிராக் விடுபட்டுப் போகலாம்.

எந்தக் கொள்கலன் எதை ஏற்கும் என்பது இங்கே முக்கியம். வெப்எம் ஒலியில் வோர்பிஸ், ஓபஸ் இரண்டை மட்டுமே ஏற்கும். எம்கேவி ஏறக்குறைய எல்லாவற்றையும் விழுங்கும். எம்பி4-க்கு ஏஏசி இயல்பானது. ஏசி-3, எம்பி3 ஆகியவையும் போகும். கேமராக்களும் எடிட்டிங் மென்பொருள்களும் தரும் சுருக்கப்படாத பிசிஎம் ஒலிக்கு எம்ஓவி பொருத்தமானது. பிசிஎம் போட்ட எம்பி4 கோப்பைப் பல பிளேயர்கள் ஏற்பதில்லை. எஃப்எஃப்எம்பெக் இந்த விஷயத்தில் நேர்மையானது: கொள்கலனுக்கு ஒவ்வாத ஒலியை அப்படியே நகலெடுக்கச் சொன்னால் பிழை என்று சொல்லி நின்றுவிடும். அதன் மேல் அழகான பொத்தான்களைப் பொருத்தி விற்கும் சில மென்பொருள்கள்தாம் அந்தப் பிழை வரியை நம் கண்ணில் படாமல் மறைத்துவிடுகின்றன.

எஃப்எஃப்எம்பெக்கைக் கட்டளை வரியில் பயன்படுத்துகிறவர்கள் தாங்களே தோண்டிக்கொள்ளும் குழி ஒன்று உண்டு. ஒன்றும் சொல்லாவிட்டால் அது ஒரு பட டிராக்கையும் ஒரு ஒலி டிராக்கையும் தானே தேர்ந்தெடுக்கும். எந்த டிராக்கை எழுத வேண்டும் என்று சொல்லும் 'மேப்' என்ற தெரிவை ஒரு முறை எழுதிவிட்டால் அந்தத் தானியங்கித் தேர்வு நின்றுபோகும். நாம் சொன்னது மட்டுமே எழுதப்படும். படத்தை மட்டும் மேப் செய்துவிட்டு ஒலிக்கு எழுத மறந்தால் ஒலி வராது. சிக்கலான ஃபில்டர் போட்டு வாட்டர்மார்க் பதிக்கும்போதும் இதே தவறுதான் நடக்கிறது. படத்துக்கு ஒரு மேப் எழுதினால் ஒலிக்கும் ஒரு மேப் எழுதியாக வேண்டும். ஒலி இல்லாத கோப்புகளும் கலந்து வரும் என்றால் ஒலி மேப்பின் இறுதியில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டால், இருந்தால் எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் நிற்காமல் போகும்.

பல டிராக் உள்ள கோப்புகளில் 'பாதிச் சத்தம்' தொலைவதும் இதனால்தான். திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் மென்பொருளில் ஆறு ஒலி டிராக்குகள் வரை பதியலாம். கணினியின் ஒலி முதல் டிராக்கிலும் மைக் இரண்டாவது டிராக்கிலும் இருந்தால், மாற்றிய கோப்பில் விளையாட்டின் சத்தம் கேட்கும், பேசியவர் குரல் கேட்காது. தொழில்முறைக் கேமராக்களின் எம்எக்ஸ்எஃப் கோப்புகளில் ஒவ்வொரு மைக்கும் தனி மோனோ டிராக்காக இருக்கும். மாற்றியபின் ஒன்று மட்டும் மிஞ்சும். எல்லா டிராக்கையும் மேப் செய்வது ஒரு வழி. ஆனால் பெரும்பாலான பிளேயர்கள் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஒலிக்கும் என்பதால் 'ஏமிக்ஸ்' ஃபில்டரால் ஒன்றாகக் கலந்துவிடுவதே நல்லது. கலக்கும்போது ஏமிக்ஸ் ஒவ்வொன்றின் அளவையும் தானே குறைக்கும். சத்தம் சன்னமாக வந்தால் பயப்பட வேண்டியதில்லை; அதன் 'நார்மலைஸ்' தெரிவை 0 ஆக்கினால் குறைக்காது. அப்போது உச்சங்கள் கரகரக்கின்றனவா என்று மட்டும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

டிவிடியிலிருந்து எடுத்த விஓபி கோப்புகள் தனி ரகம். அவற்றின் தொடக்கத்தில் சில நேரம் படம் மட்டும் வரும், ஒலி தாமதமாகத் தலைகாட்டும். எஃப்எஃப்எம்பெக் இயல்பாகக் கோப்பின் முதல் 5 மெகாபைட் அளவையே நோட்டம் விட்டு என்னென்ன டிராக் உண்டு என்று முடிவுகட்டும். அதற்குள் ஒலி வரவில்லை என்றால் ஒலியே இல்லை என்று எண்ணிவிடும். எவ்வளவு தரவை, எவ்வளவு நேரத்தை நோட்டம் விட வேண்டும் என்று சொல்லும் 'ப்ரோப்சைஸ்', 'அனலைஸ்டியூரேஷன்' இரண்டையும் 100எம் என்று உயர்த்தி எழுதினால் சரியாகிவிடும். இரண்டும் உள்ளீட்டுக் கோப்பின் பெயருக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் எழுதினால் பலன் இல்லை.

மூன்றாவது கேள்வி, டிராக் இருக்கிறது, ஆனால் டிவியில் கேட்கவில்லை என்பது. மாற்றிய கோப்பை விஎல்சியில் ஓடவிட்டுப் பாருங்கள். அங்கே கேட்டால் கோப்பு நலம். டிவிக்கோ போனுக்கோதான் அந்தக் கோடெக் தெரியவில்லை. இதில் அடிக்கடி மாட்டுவது டிடிஎஸ், அடுத்தது ஏசி-3, இ-ஏசி-3. இவற்றுக்கான உரிமக் கட்டணம் காரணமாகப் பல கருவிகளும் செயலிகளும் ஆதரவு தராமல் விட்டிருக்கின்றன. ஏசி-3-க்கான காப்புரிமைகள் 2017-இல் காலாவதியாகிவிட்டன; ஆனாலும் எல்லாக் கருவிகளும் அதற்குப் பிறகு திருந்திவிடவில்லை. ஹேண்ட்பிரேக்கில் 'பாஸ்த்ரூ' என்று வைத்திருந்தால் மூல டிடிஎஸ் அப்படியே புதிய கோப்புக்குக் கடத்தப்படும், டிவி மௌனம் காக்கும். முதல் டிராக் ஏஏசி ஸ்டீரியோ, இரண்டாவது டிராக் பாஸ்த்ரூ என்று இரண்டையும் வைப்பதே என் பரிந்துரை. சாதாரண டிவி முதலாவதை எடுத்துக்கொள்ளும், ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கலாம். இடம் அதிகம் பிடிக்குமே என்று தயங்க வேண்டாம்: நொடிக்கு 160 கிலோபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 72 மெகாபைட்தான்.

நேர்மாறான சிக்கலும் உண்டு. லினக்ஸில் ஓடும் டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு ஏஏசி ஒலியை வாசிப்பதில்லை. உலகமே கேட்கும் ஒலி அங்கே மட்டும் கேட்காது. ஒலியை 16 பிட் பிசிஎம் ஆக்கி எம்ஓவி கொள்கலனில் வைத்தால் கேட்கும். 48,000 ஹெர்ட்ஸ் ஸ்டீரியோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 11.5 மெகாபைட் கூடுதலாகும், அவ்வளவே. பழைய கைபேசிகளின் 3ஜிபி கோப்புகளில் ஏஎம்ஆர் ஒலி 8,000 ஹெர்ட்ஸில் இருக்கும். மாற்றும்போது ஏஏசி, 44,100 ஹெர்ட்ஸ் என்று எழுதிவிடுவது பாதுகாப்பு. தரம் உயராது, ஆனால் எங்கும் ஒலிக்கும்.

இனி நான்காவதாக ஒன்று. கேள்விகள் மூன்று என்றேன். மூன்றிலும் தேறிவிட்டு, மீடியாஇன்ஃபோவில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்து, விஎல்சியிலும் சத்தம் வராத கோப்புகள் உண்டு. டிராக் இருக்கிறது, அதற்குள் எழுதப்பட்டதே வெறும் மௌனம். ஏஏசி டிராக்கின் பிட் ரேட் இரண்டு மூன்று கிலோபிட் என்று காட்டினால் சந்தேகப்படலாம். எஃப்எஃப்எம்பெக்கின் 'வால்யூம்டிடெக்ட்' ஃபில்டர் உச்ச ஒலி அளவை டெசிபெல்லில் சொல்லும். -91 என்று வந்தால் அது முழு மௌனம்.

ஒலி நிறைந்த மூலத்திலிருந்து மௌனம் எப்படி வருகிறது? மேடை ஒலிகளைக் கலக்கும் மிக்சரிலிருந்து வரும் பேலன்ஸ்டு மோனோ இணைப்பில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் போகும், ஒன்றில் நேராக, மற்றதில் தலைகீழாக. அந்தக் கேபிளைக் கேமராவின் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ துளையில் நேரடியாகச் செருகினால் இடது சேனலில் நேர் ஒலியும் வலது சேனலில் தலைகீழ் ஒலியும் பதிவாகும். ஹெட்போனில் கேட்டால் மண்டைக்குள் குடைவது போல ஒரு விநோதம் தோன்றும், ஆனால் கேட்கும். மாற்றும்போது மோனோ என்று தேர்ந்தெடுத்தாலோ, ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போனில் ஓடவிட்டாலோ இரண்டும் கூட்டப்பட்டு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடும். கன்வெர்ட்டரின் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் திறந்து அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்: மேல் சேனலில் மேடு இருக்கும் இடத்தில் கீழ்ச் சேனலில் பள்ளம், கண்ணாடியில் பார்த்தது போல. ஸ்டீரியோ டிராக்கைப் பிரித்து ஒன்றை நீக்கிவிட்டு மற்றதை மோனோவாக வைக்கலாம். அல்லது ஒன்றை மட்டும் 'இன்வர்ட்' செய்து தலைகீழாக்கலாம். எஃப்எஃப்எம்பெக்கில் 'பான்' ஃபில்டரால் இடது சேனலை மட்டும் எடுத்து மோனோவாக எழுதினால் அதே பலன். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஆடாசிட்டி எம்பி4 கோப்பைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் நூலகம் தனியாக நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் 'திறக்க முடியவில்லை' என்று வரும்.

இதற்கு அண்ணன் தம்பி உறவு கொண்டது திரைப்படக் கோப்புகளில் வரும் சிக்கல்: பாட்டும் பின்னணி இசையும் கேட்கிறது, வசனம் மட்டும் காணோம். ஆறு சேனல் கொண்ட 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில் இருக்கும். ஸ்டீரியோவாக்கும்போது நடு சேனலைச் சுமார் 0.7 மடங்காக இரு பக்கமும் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்யாமல் முதல் இரண்டு சேனல்களை மட்டும் வெட்டியெடுக்கும் கன்வெர்ட்டரில் வசனம் பறிபோகும். ஹேண்ட்பிரேக்கில் மிக்ஸ்டவுன் 'ஸ்டீரியோ' என்றோ, எஃப்எஃப்எம்பெக்கில் சேனல் எண்ணிக்கை 2 என்றோ கொடுத்தால் முறையாகக் கலந்து தரும். அப்படியும் வசனம் அமுங்கி ஒலித்தால் ஹேண்ட்பிரேக்கில் மூலம் ஏசி-3 ஆக இருக்கும்போது சன்னமான ஒலியை உயர்த்தும் 'டிஆர்சி' மதிப்பை 1.5 முதல் 2.5 வரை வைத்துப் பார்க்கலாம்.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. முழு வீடியோவையும் மீண்டும் கன்வெர்ட் செய்ய வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம், இதைத்தான் உங்கள் பக்கம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். மாற்றிய கோப்பில் படம் நன்றாக இருக்கிறது. மூலக் கோப்பில் ஒலி இருக்கிறது. இரண்டையும் உள்ளீடாகக் கொடுத்து, முதலாவதின் படத்தையும் இரண்டாவதின் ஒலியையும் மேப் செய்து, படத்துக்கு 'காப்பி', ஒலிக்கு 'ஏஏசி', பிட் ரேட் 192கே என்று எழுதினால் எஃப்எஃப்எம்பெக் ஒலியை மட்டும் மாற்றிப் படத்தோடு இணைத்துவிடும். படம் மறுபடி சுருக்கப்படாததால் தரமும் குறையாது. மூன்று மணி நேரம் ஓட வேண்டிய வேலை சில நிமிடங்களில் முடியும். எம்கேவி போதும் என்றால் எம்கேவிடூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் கட்டளை எதுவும் இல்லாமல் இரண்டு கோப்பையும் இழுத்துப் போட்டு, வேண்டாத டிராக்கின் டிக்கை எடுத்துவிட்டு இணைக்கலாம்.

மூன்று எச்சரிக்கைகள். மாற்றும்போது தொடக்கத்தை வெட்டியிருந்தால் அதே அளவு ஒலியிலும் வெட்டியாக வேண்டும், இல்லையேல் உதடும் குரலும் சேராது. நொடிக்கு 23.976 ஃபிரேம் உள்ள படத்தை 25-க்கு வேகம் கூட்டி மாற்றியிருந்தால் ஒலியும் 1.0427 மடங்கு வேகமாக வேண்டும். தொடக்கத்தில் பொருந்தி, போகப்போக விலகுவதே இதன் அடையாளம். டிவி ஒளிபரப்பிலிருந்து பதிந்த டிஎஸ் கோப்பில் ஒலி பாதியில் நின்றால், விளம்பரத்துக்கும் நிகழ்ச்சிக்கும் இடையே சேனல் எண்ணிக்கை மாறியிருக்கலாம், அல்லது நேரக்குறிகள் கெட்டிருக்கலாம். அங்கே ஒலியைக் காப்பி செய்யக் கூடாது. ஸ்டீரியோ ஏஏசியாக மறுபடி என்கோட் செய்து, ஒலியை நேரக்குறிகளோடு பொருத்தும் 'ஏரீசாம்ப்பிள்' ஃபில்டரில் 'அசிங்க்' மதிப்பை 1000 என்று கொடுக்க வேண்டும்.

நூறு கோப்புகளை வரிசையில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்கள், முதலில் ஒரு கோப்பின் 30 விநாடியை மட்டும் மாற்றி, அது எந்தக் கருவியில் ஓடப்போகிறதோ அதிலேயே கேட்டுப் பார்ப்பது நல்லது. கணினியில் கேட்டது டிவிக்குச் சான்று ஆகாது. தொடக்கம், நடு, முடிவு மூன்று இடத்திலும் கேட்காமல் மூலக் கோப்பை அழிப்பவருக்கு உதவ எந்த மென்பொருளாலும் முடியாது.

உங்கள் கேள்வி-பதில் பகுதிக்கு ஒரு வேண்டுகோள். சத்தம் இல்லை என்று எழுதும் வாசகரிடம் மூன்று விவரங்களைக் கேட்டு வாங்குங்கள்: மூலக் கோப்பு, மாற்றிய கோப்பு இரண்டின் மீடியாஇன்ஃபோ அறிக்கையில் 'ஆடியோ' தலைப்பின் கீழ் உள்ள வரிகள், எந்த மென்பொருளில் எந்தப் பிரீசெட்டில் மாற்றினார், எந்தக் கருவியில் கேட்கவில்லை. கோடெக் பேக் நிறுவச் சொல்லப்பட்ட அந்த வாசகரிடமும் மூலக் கோப்பு இன்னும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் அந்த வரிகளை வாங்கிப் பதிலை அடுத்த வாரம் திருத்தி வெளியிடலாம்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
வீடியோ எடிட்டர்